குண்டுக்கல் குன்றின்மேல் எப்படி ஏறியது?

திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் வழியாகச் செஞ்சிக்குப் பேருந்தில் போகிறவர்கள் சன்னலோரத்தில் இடம் பிடிப்பது நல்லது. ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தூரம்தான். வயல்களும் ஏரிகளும் கடந்துபோக, அவற்றின் நடுவே திடீர் திடீரென்று குன்றுகள் எழும். செஞ்சி நெருங்க நெருங்க அந்தக் குன்றுகளில் மண்ணே இருக்காது. வீட்டளவு கற்கள், லாரியளவு கற்கள், ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும். இரண்டு கற்களின் நுனியில் மூன்றாவது கல் உட்கார்ந்திருக்கும். இப்போது விழும், இப்போது விழும் என்று தோன்றும். ஆனால் நம் பாட்டன் காலத்திலும் அது அப்படியேதான் இருந்தது.

பார்க்கிற எல்லோருக்கும் வருகிற கேள்வி ஒன்றே: இவ்வளவு பெரிய கல் மேலே எப்படிப் போயிற்று? அசுரர்கள் வீசியது என்பார்கள். பூகம்பம் உருட்டியது என்பார்கள். கொஞ்சம் படித்தவர்கள், எரிமலை கக்கியது என்பார்கள். இந்த எரிமலைப் பேச்சு திருவண்ணாமலையில் இன்னும் வலுவானது. அது அக்கினித் தலம். அண்ணாமலை முதல் யுகத்தில் நெருப்பாகவும், பிறகு மாணிக்கமாகவும் பொன்னாகவும் இருந்து கலியுகத்தில் கல்லாயிற்று என்பது தலபுராணம். அதைக் கேட்டு வளர்ந்த மனம் கூம்பு வடிவ மலையைப் பார்த்ததும் அணைந்துபோன எரிமலை என்று முடிவு கட்டிவிடுவது இயல்பு.

அது எரிமலை அல்ல. இதைத் தெரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் தேவையில்லை. கிரிவலப் பாதையில் உடைந்து கிடக்கும் ஒரு கல்லைக் கையில் எடுத்து, உடைந்த முகத்தை வெயிலில் திருப்பிப் பாருங்கள். வெளிர் நிறத்திலோ இளஞ்சிவப்பிலோ ஃபெல்ஸ்பார் மணிகள் தெரியும். மங்கிய கண்ணாடித் துண்டு மாதிரி குவார்ட்ஸ் இருக்கும். நடுவே கருப்பாக மினுங்குவது மைக்கா. கண்ணுக்குத் தெரியும் அளவு பெரிய மணிகளாக இருப்பதுதான் செய்தி. எரிமலைக் குழம்பு தரைக்கு வந்து காற்றுப் பட்டதும் விரைவாக ஆறிவிடும். மணிகள் வளர நேரமே கிடைக்காது. மகாராஷ்டிரத்தில் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பரவிய தக்காணப் பாறை அப்படிப்பட்டது. கருத்து, நுண்மணியாக இருக்கும். நம் பாறையில் மணிகள் பெரிதாக வளர்ந்திருப்பதால் அது தரைக்கு வராமலேயே, பல கிலோமீட்டர் ஆழத்தில், லட்சக்கணக்கான ஆண்டுகள் எடுத்து மெல்ல ஆறியிருக்கிறது என்று பொருள். ஒரு காலத்தில் அது தழலாய் இருந்தது உண்மை. ஆனால் அந்தத் தழலை வானம் பார்க்கவில்லை.

திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களின் பெரும்பகுதி இத்தகைய கடினப் பாறையால் ஆனதுதான். கிரானைட் உண்டு. கிரானைட்டே பெரும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் வரிவரியாக மாறிய நைஸ் உண்டு. கரும்பச்சையாக, எண்ணெய் தடவிய மினுமினுப்போடு இருக்கும் சார்னோகைட் உண்டு. இந்தக் கடைசிப் பாறை உலக நிலவியலுக்குத் தமிழ்நாடு கொடுத்த கொடை. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையை மூடியிருக்கும் கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது; அதே பாறையைப் பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகளில் ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து 1893-இல் அதற்குச் சார்னாக்கின் பெயரையே இட்டார். இன்று அண்டார்க்டிகாவில் அந்தப் பாறை கிடைத்தாலும் அதே பெயர்தான்.

வயதைச் சொன்னால் நம்பக் கடினமாக இருக்கும். இப்பகுதிப் பாறைகள் பலவற்றின் வயது 250 கோடி ஆண்டை ஒட்டியது. அதை அறிய ஒரு வழி உண்டு. பாறைக்குள் சிர்கான் என்னும் மிகச்சிறு மணிகள் இருக்கும். அவை உருவாகும்போது யுரேனியத்தைக் கொஞ்சம் உள்ளே சேர்த்துக்கொள்ளும். ஈயத்தை ஏறக்குறைய முழுவதுமாக ஒதுக்கிவிடும். யுரேனியம்-238 தன் பாதியளவை ஈயமாக மாற்ற 447 கோடி ஆண்டுகள் எடுக்கும். ஆக, இன்று அந்த மணிக்குள் இருக்கும் ஈயத்தை அளந்தால் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கியது என்று கணக்கிடலாம். இந்தப் பாறை இறுகிய காலத்தில் பூமியில் மரம் இல்லை, மீன் இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான் இருந்தன. காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான்.

ஆழத்தில் உருவான பாறை இன்று வெயிலில் நிற்கிறதே, அது எப்படி? மேலே இருந்தது முழுக்கத் தேய்ந்து போயிற்று. மழையும் ஆறும் காற்றும் அரித்து அரித்துக் கிலோமீட்டர் கணக்கில் தடிமன் இருந்த பாறையைக் கடலுக்கு அனுப்பிவிட்டன. வெற்றுக் கிரானைட் பாறை பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மீட்டர்தான் தேயும். வேகம் அற்பம், ஆனால் காலத்துக்குக் குறைவில்லை.

மேல்சுமை குறையக் குறைய, அழுத்தி வைக்கப்பட்டிருந்த பாறை லேசாக விரிகிறது. விரியும்போது வெடிக்கிறது. தரைக்கு இணையாக ஒரு வரிசை விரிசல். செங்குத்தாக ஒன்றையொன்று வெட்டும் இரண்டு வரிசை விரிசல்கள். இவ்வாறு திண்மையான பாறை, அடியில் இருந்தபடியே, பெரிய பெரிய கட்டங்களாகப் பிரிந்துவிடுகிறது. தரைக்கு இணையான விரிசலைத் தென்னிந்தியக் கல் தொழிலாளர்கள் பல தலைமுறையாக அறிவார்கள். பாறையின்மேல் விறகை எரித்து, தீயை மெல்ல நகர்த்தி, அதைத் தகடு தகடாகக் கிளப்பும் முறை அவர்களுடையது. பாறைக்குள் ஏற்கெனவே பொதிந்திருக்கும் அழுத்தத்தைப் பயன்படுத்தும் நுட்பம் அது. ஐரோப்பிய அறிவியல் இதழ்கள் அந்த முறையை வியந்து எழுதியது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான்.

இனி வருவதுதான் கதையின் மையம். அதுவும் மண்ணுக்கு அடியில்தான் நடக்கிறது.

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த நீர் விரிசல் வழியே இறங்கி அங்கேயே தங்குகிறது. ஃபெல்ஸ்பாரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் களிமண்ணாக மாற்றுகிறது. கருப்பு மைக்கா நீரை உறிஞ்சி வீங்கி, பக்கத்து மணிகளை நெம்புகிறது. குவார்ட்ஸ் மட்டும் எதற்கும் அசையாமல் மணலாக உதிர்கிறது. இப்படி ஒவ்வொரு விரிசலின் இரு பக்கமும் பாறை இளகிச் சரளை மண்ணாகிறது. ஒரு கட்டத்தின் முகத்தை நீர் ஒரு பக்கத்திலிருந்துதான் தாக்கும். விளிம்பை இரண்டு பக்கத்திலிருந்து தாக்கும். மூலையையோ மூன்று பக்கத்திலிருந்தும் தாக்கும். தண்ணீர்த் தம்ளரில் போட்ட கற்கண்டுக் கட்டியில் முதலில் மழுங்குவது மூலைகள்தானே, அதே நியாயம். சதுரமாகத் தொடங்கிய கட்டம் உருண்டையாகிறது. செதில் செதிலாக உரிந்து சிறுத்துக்கொண்டே போகிறது. நடுவில் நீர் இன்னும் தொடாத கெட்டிப் பாறை மிஞ்சுகிறது. அதுதான் குண்டுக்கல்.

ஆக, கல்லை உருட்டியது ஆறு அல்ல. ஆற்றுக் கூழாங்கல் பல ஊர்ப் பாறைகளின் கலவையாக இருக்கும், வழவழப்பாக இருக்கும். இந்தக் கற்கள் எல்லாம் அடியில் உள்ள அதே பாறை, தொட்டால் சொரசொரக்கும். கவனமாகப் பார்த்தால், ஒரு கல்லில் ஓடும் வெள்ளைக் குவார்ட்ஸ் கோடு இடைவெளியைத் தாண்டி அடுத்த கல்லில் அதே வரிசையில் தொடர்வதைக் காணலாம். அவை ஒரே பாறையாக இருந்தவை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

கடைசிக் கட்டம் எளிது. நிலம் உயர்ந்தோ, ஆறு ஆழமாக வெட்டியோ, மழைப்போக்கு மாறியோ, அரிப்பின் வேகம் கூடும்போது இளகிய சரளை மண் அடித்துக்கொண்டு போகிறது. உள்ளே புதைந்திருந்த உருண்டைகள் தாம் இருந்த இடத்திலேயே, ஒன்றன்மேல் ஒன்றாக அமர்கின்றன. முதலில் மண்ணுக்கடியில் சிதைவு, பிறகு மண் நீக்கம் என்ற இந்த இரண்டு படி விளக்கத்தை 1955-இல் இங்கிலாந்தின் டார்ட்மூர் பாறைக் குவியல்களை வைத்து டேவிட் லின்டன் தெளிவாக எழுதினார். டார்ட்மூரைவிடச் செஞ்சி அதற்குப் பொருத்தமான மேடை என்பது என் கருத்து. வெப்பமும் மழையும் சேர்ந்த நம் தட்பவெப்பத்தில் பாறைச் சிதைவு வேகமானது. ஹம்பியும், ஜிம்பாப்வேயின் மடோபோ குன்றுகளும், மாமல்லபுரத்தில் சரிவில் நிற்கும் கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டையும் இதே குடும்பம்தான்.

அப்படியென்றால் தலைப்பில் உள்ள கேள்விக்கு விடை: கல் ஏறவே இல்லை. சுற்றியிருந்த நிலம் கீழே இறங்கிவிட்டது. மலைக்கும் இதே விடைதான். விரிசல் நெருக்கமாக இருந்த இடத்தில் நீர் புகுந்து பாறை அழுகி, நிலம் தாழ்ந்து சமவெளியாயிற்று. விரிசல் குறைவாக இருந்த இடம் நின்றுகொண்டது. ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் அண்ணாமலை தனியே நிற்பதற்குக் காரணம் யாரும் அதை உயர்த்தியதல்ல. சமவெளி போன பாதையில் அது போக மறுத்ததுதான்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையில் ஏறினால் கோட்டை வேறு மாதிரி தெரியும். உச்சிக்குச் சற்று முன்பு ஒரு பிளவு குறுக்கிடுகிறது. ஏறத்தாழ 24 அடி அகலம், 60 அடி ஆழம். பாலத்தை எடுத்துவிட்டால் கோட்டையின் உச்சி தனித்தீவு. இந்தப் பிளவை எந்த அரசனும் வெட்டவில்லை. செங்குத்து விரிசல் ஒன்று சிதைந்து அகன்றதுதான் அது. செட்டிக்குளத்துக்கு அருகே ஒரு பாறையின்மேல் ஏறி நிற்கும் பெரிய குண்டுக்கல்லில் மேலிருந்து கீழ்வரை இயற்கையாகவே ஒரு துளை; அதன் அடியை அடைத்து, மேலே செங்கல் சுவர் எழுப்பி, கைதிகளைப் போடும் கிணறாக்கினார்கள் என்கிறது உள்ளூர் வரலாறு. மலைமேல் வற்றாத சுனைகள் உண்டு. அவையும் விரிசலுக்குள் இறங்கிய மழைநீர்தான். முகலாயத் தளபதி சுல்பிகார் கான் 1690-இல் முற்றுகையிட்டு 1698-இல்தான் கோட்டையைப் பிடிக்க முடிந்தது என்பதில் மராட்டிய வீரத்துக்கு இருக்கும் பங்கோடு, குதிரையும் பீரங்கியும் ஏற முடியாத இந்தக் கற்களுக்கும் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சி. மதிலும் மண்டபமும் பேசப்பட்ட அளவுக்கு, அவற்றைத் தாங்கும் பாறை பேசப்படவில்லை என்பது எனக்கு வருத்தம்.

இந்தக் குன்றுகளிலிருந்து போன மண் எங்கே? செஞ்சிப் பக்கம் பிறந்து ஓடும் சங்கராபரணி ஆற்றைப் பின்பற்றிக் கிழக்கே போனால் அதன் கரையில் திருவக்கரை வருகிறது. அங்கே கல்லான மரங்கள் கிடக்கின்றன. 1781-இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் சொனெரா அவற்றைப் பற்றி எழுதினார். இன்று அந்த இடம் இந்திய நிலவியல் ஆய்வு மையத்தின் தேசியக் கல்மரப் பூங்கா. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழமை கொண்ட மரங்கள், பெரியது 30 மீட்டர் நீளம். அவற்றில் வேரும் கிளையும் இல்லாததால் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டவை என்று கருதுகிறார்கள். அவற்றைப் புதைத்த மணல், மேற்கேயுள்ள கடினப் பாறை நிலத்திலிருந்து அக்கால ஆறுகள் கொண்டுவந்தது. மேற்கே பாறை கரைந்தது, கிழக்கே மரம் பாறையானது. ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மறுபடி அண்ணாமலைக்கு வருகிறேன். இதுவரை சொன்னது முடிந்துபோன பழங்கதை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. செஞ்சியில் மண் பெரும்பாலும் போய்விட்டது. கற்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. அண்ணாமலையின் சரிவுகளில் பல இடங்களில் மண் இன்னும் போகவில்லை. குண்டுக்கற்கள் சரளை மண்ணில் பாதி புதைந்தே இருக்கின்றன. அதாவது, அந்த இரண்டாவது படி அங்கே இப்போதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. திருவண்ணாமலையிலும் விடாமல் கொட்டியது. மறுநாள் டிசம்பர் 1 மாலை, அண்ணாமலையின் அடிவாரத்தில் வ.உ.சி. நகர் வீடுகள்மேல் மண்ணும் பெரும்பாறையும் சரிந்தன. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள்.

நடந்ததன் இயக்கம் மேலே சொன்னதேதான். சரளை மண்ணின் மணிகளுக்கு நடுவே நீர் நிரம்பும்போது அந்த நீரின் அழுத்தம் மணிகளைப் பிரித்துவிடுகிறது. ஒன்றை ஒன்று கவ்வும் பிடி போய்விடுகிறது. அடியில் கெட்டிப் பாறையின் சாய்ந்த முகம். அதற்கு மேல் நீர் இறங்க முடியாது. அந்த இணைப்பிலேயே மண் வழுக்குகிறது. மண் நகர்ந்தால், அது பிடித்துவைத்திருந்த பல டன் கல்லும் கூடவே வருகிறது. வல்லுநர்கள் மலையை ஆய்வு செய்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 13-இல் கார்த்திகை தீபத்தன்று தீபம் ஏற்றும் குழுவினரைத் தவிர மற்ற பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. ஆண்டுதோறும் ஏறிப் பழகியவர்களுக்கு அது துயரமாக இருந்திருக்கும். ஆனால் ஊறிய சரிவில் ஆயிரக்கணக்கான கால்கள் மிதிப்பது ஆபத்து. அந்த முடிவு சரியானது.

சரிவை உறுதியாக வைப்பது எது என்றும் தெரியும். மரமும் புதரும் மழையின் அடியைத் தாங்குகின்றன; வேர் மேல்மண்ணைத் தைக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய புகைப்படங்களில் அண்ணாமலை ஏறக்குறைய மொட்டையாக இருக்கும். 1980-களின் பிற்பகுதியிலிருந்து தன்னார்வலர்களும் ஊர்மக்களும் மரம் நட்டு, கோடையில் பரவும் தீயோடு போராடி, இன்று காணும் பச்சையைக் கொண்டுவந்தார்கள். அது அழகுக்காக மட்டும் செய்த வேலையாக இருந்தாலும் போற்றலாம். அதனால் மண்ணும் நிற்கிறது. எதிர்த் திசையில் வேலை செய்வது அடிவாரத்தை வெட்டுவது. மனைக்காகச் சரிவின் கால்பகுதியை நறுக்கினால், மேலே உள்ள மண்ணுக்குக் கீழிருந்து கிடைத்த தாங்கல் போய்விடும். கழிவுநீரை அங்கேயே விட்டால் மழையில்லாத நாளிலும் அந்த மண் ஊறியே இருக்கும்.

அடிவாரத்தில் வீடு கட்டியவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. நகரத்துக்குள் வாங்க வசதியில்லாதவர்களே பெரும்பாலும் அங்கே போகிறார்கள். அவர்களுக்குப் பாதுகாப்பான மாற்று இடம் தருவது அரசின் கடமை. அதோடு, எந்தச் சரிவில் எத்தனை தடிமன் மண் இருக்கிறது, எந்தக் கல் புதைந்து நிற்கிறது என்று மலையைச் சுற்றி வரைபடம் எடுத்து, அதை மக்கள் பார்வைக்கு வைப்பதும் அரசு செய்யக்கூடியதே. தமிழ்நாட்டில் தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டவை நான்கு: பரங்கிமலைச் சார்னோகைட், திருவக்கரைக் கல்மரங்கள், சாத்தனூர்க் கல்மரம், காரையின் அரிநிலம். அண்ணாமலைக்கும் செஞ்சிக் குன்றுகளுக்கும் அந்தப் பட்டியலில் இடம் கொடுத்தால், கற்களின் பக்கத்தில் இந்தக் கதையைச் சொல்லும் ஒரு பலகையாவது வரும்.

கிரிவலம் போகும்போது 14 கிலோமீட்டரில் ஏதாவது ஓரிடத்தில் நின்று மலைச்சரிவைப் பாருங்கள். வெறும் பாறைமேல் நிற்கும் கல் எது, மண்ணில் பாதி புதைந்த கல் எது என்று பிரித்துப் பார்க்கக் கண் விரைவிலேயே பழகிவிடும். அடிவாரத்தில் மனை வாங்க நினைப்பவர்கள், பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன் அந்த இரண்டாவது வகைக் கல் மேலே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த மனை வேண்டாம்.